கடல்கடந்த நொய்யும் கைவிட்ட கம்பும்

உண்ணும் சோற்றுக்குப் பிறர் களத்தை எதிர்நோக்கி நிற்கும் நாடு, கொடியும் கோட்டையும் தனக்கெனப் பெற்றிருப்பினும், பாதி விடுதலையே பெற்றதாகும். மேலை ஆப்பிரிக்க நாடாகிய செனகால் இதற்குக் கண்கூடான சான்று.

செனகால் நமக்கு முற்றும் அயலான நாடன்று. 1960-இல் விடுதலை பெற்ற அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவராகிய பாவலர் செங்கோர், ஆப்பிரிக்கர்க்கும் திராவிடர்க்கும் உள்ள தொன்மை உறவை ஆராய்வதில் பெருவிருப்புக் காட்டியவர். அவர்க்கு நெடுங்காலம் முன்னரே, 18, 19-ஆம் நூற்றாண்டுகளில், புதுச்சேரிப் பகுதியில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத்துணி, செனகால் ஆற்றங்கரைக்குச் சென்று, வேலம் பிசினுக்கு மாற்றாகக் காசுபோலவே கைமாறிற்று. அன்று நம் கரையினின்று சென்றது துணி. இன்று இந்தியத் துறைமுகங்களினின்று செல்வது நொய்யரிசி. புதுத்துணியின்றிச் சில திங்கள் பொறுக்கலாம். சோறின்றிச் சில நாளும் பொறுக்கலாகுமோ?

நெல் அம்மண்ணுக்குப் புதிதன்று. தெற்கே காசமான்சுப் பகுதி உழவர், ஆப்பிரிக்காவுக்கே உரிய நெல்லினத்தைத் தொன்றுதொட்டு விளைத்து வந்தனர். ஏனைப் பகுதிகளில் கம்பும் சோளமுமே மக்களை வளர்த்தன. பிரெஞ்சுக்காரர் வந்து, நிலக்கடலை பயிரிடுமாறு உழவரை உந்தினர். கடலை பிரான்சு நாட்டு எண்ணெயாலைகளுக்குப் போயிற்று, உணவுப்பயிர் பின்தள்ளப்பட்டது. அக்குறையை நிரப்பத் தம் ஆட்சிக்குட்பட்ட இந்தோசீனத்தினின்று, ஆலைகளில் நெல் அரைக்கையில் முறிந்து வீழ்ந்த நொய்யைக் கப்பலேற்றிக் கொணர்ந்தனர். ஓர் அடிமை நாட்டின் எச்சத்தை மற்றோர் அடிமை நாட்டின் வயிற்றுக்கு விற்று, இரண்டிடத்தும் ஊதியம் கண்டது வெள்ளையாட்சி!

வயிற்றுக்கு வந்தது நாவிலும் நிலைத்தது. 'செபுசென்' என்னும் மீன்சோறு இன்று அம்மக்களின் தனிப்பெரும் உணவு. 2021-இல் யுனெசுகோ அதனை மாந்த இனத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. அச்சோற்றை நொய்யரிசியில் ஆக்குவதே அவர்தம் வழக்கம். மரபு அவர்களுடையது, அரிசியோ பெரும்பாலும் பிறருடையது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 இலக்கம் தொன் அரிசி இந்தியா, தாய்லாந்து, வியத்துநாம், பாக்கித்தான் முதலிய நாடுகளினின்று வந்திறங்குகிறது.

"அவையும் வளரும் நாடுகளே, பழைய ஆண்டையிடம் வாங்குவதினும் தம்மையொத்த எளியரிடம் வாங்குதல் நன்றன்றோ?" எனச் சிலர் வினவுவர். நன்றே. மலிவான நொய்தான் தாக்கார் நகர ஏழையர் வீட்டில் உலையேற்றுகிறது என்பதையும் யாம் மறுக்கவில்லை. ஆயின், விற்பவன் எளியனாயினும், தன் வயிறு காயுமென அஞ்சுங்கால் களஞ்சியத்தை அடைக்கவே செய்வான்.

நடந்ததும் அதுவே. 2008-இல் அரிசி விளையும் நாடுகள் ஏற்றுமதியைத் தடுத்தன, விலை ஏறிற்று, தாக்கார்த் தெருக்களில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 2022 செபுதம்பரில் இந்தியா நொய்யரிசி ஏற்றுமதிக்குத் தடையிட்டது. 2023 சூலையில் பிற வெள்ளரிசிக்கும் அத்தடையை விரித்தது. செனகால் அரசு தனியே வேண்டிக்கொண்டதன்மேல், ஓரளவு நொய் விடுக்கப்பட்டது. நொய்த்தடை 2025 மார்ச்சில்தான் முற்றும் நீங்கிற்று. தன் மக்களை முதலில் எண்ணிய இந்திய அரசைக் குறைகூற இடமில்லை. பிறன் கதவு திறக்குமா என்று ஒரு நாடு வாயிலில் நிற்க நேர்ந்ததே நாம் எண்ணத்தக்கது.

செனகாலுக்கு ஆறில்லையா? உண்டு. அண்டை நாடுகளோடு சேர்ந்து 1986-இல் தியாமா அணையும், 1988-இல் மானந்தாலி அணையும் கட்டி முடிக்கப்பட்டன. 2017-க்குள் அரிசியில் தன்னிறைவு என அரசு உறுதி பூண்டது. அவ்வாண்டு வந்து போயிற்று, தன்னிறைவு வரவில்லை. வாய்க்காலும், காலத்தில் கிடைக்கும் கடனும், நல்ல ஆலையும், வாங்குவாரும் ஒருங்கு அமையாவிடத்து அணை மட்டும் என் செய்யும்? கல்லும் உமியும் கலந்த உள்நாட்டரிசி கடையில் தேங்கிக் கிடக்க, கப்பலில் வந்த தூய நொய் விற்றுப்போயிற்று. கப்பலரிசியில் ஊதியங் கண்ட பெருவணிகர், ஆற்றங்கரை உழவனைத் தேடிச் செல்வரோ?

ஆகவே, செனகால் செய்யத்தக்கன மூன்று: ஆற்றங்கரை நெல்லைத் தூய்மையாக அரைத்து நகருக்குக் கொணர்தல், அதனை உழவனுக்குக் கட்டுபடியாகும் விலையில் வணிகர் முதலில் வாங்கவும், குறைவதை மட்டும் கடல்கடந்து பெறவும் செய்தல், கைவிட்ட கம்பை மீண்டும் தட்டில் ஏற்றுதல். வணிகம் வேண்டாமென்பது எம் கருத்தன்று. நீலத்துணிக்குப் பிசின் கொடுத்த கை, தன் பொருளைக் கொடுத்துப் பிறர் பொருளைப் பெற்ற கை. அது சோற்றுக்காக ஏந்தும் கையாகிவிடலாகாது என்பதே எம் கருத்து.