கத்தரி பிடித்த கை
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

குலசேகரன்பட்டினத்தில் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா பனையேறி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் 'படிக்காத மேதை' (1960) ஓடியது. பெற்ற பிள்ளைகள் கைவிட்ட பெரியவருக்காக, எழுத்தறியாத ரங்கன் மாடாய் உழைக்கிறான். "பாத்தியால, படிக்காதவந்தான் கடேசி வரைக்கும் நிக்கான்" என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'படித்தால் மட்டும் போதுமா' (1962) படத்திலும் சூது செய்பவர் படித்தவரே. படித்தவனைக் கூண்டில் ஏற்றும் இந்த டைரக்டர் யார் என்ற கோபத்தில்தான் ஏ. பீம்சிங்கைத் தேடினேன்.

தேடியபோது கோபம் பாதி தணிந்தது. அவர் கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையரிடம் உதவி எடிட்டராக இருந்து மேலே வந்தவர். அந்தப் பஞ்சுவும் எடிட்டரே. எடிட்டர் வேலை வெறும் வெட்டி ஒட்டும் வேலையன்று. விநாடிக்கு 24 படச் சட்டங்கள் ஓடும் சுருளில், எந்தச் சட்டத்தோடு ஒரு முகம் மறைந்து அடுத்த முகம் வரவேண்டும் என்று முடிவு செய்வது. எங்கள் ஆய்வுக்கூடத்து ஊசல் கணக்கை விடக் கடினமான கணக்கு! டைரக்டரான பின்பும் அவர் கத்தரியைக் கீழே வைக்கவில்லை. தம் படங்கள் பலவற்றின் எடிட்டிங்கில் அவர் பெயரும் உண்டு.

'அழவைப்பவர்' என்று அவரை ஒரே சொல்லில் ஒதுக்குகிறோம். இதை நான் ஒப்பவில்லை. 1961 என்ற ஒரே ஆண்டில் 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' மூன்றும் வந்தன. மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். பேசுகிறவர் முகத்தைக் காட்டிலும், அந்தச் சொல்லைக் கேட்டு நொறுங்குகிறவர் முகம் நம் மனத்தில் தங்கும். கூட்டுக் குடும்பத்தில் ஒரு சொல் யார்மேல் போய் விழுகிறது என்பதே கதை. அதை அறிந்தவர் அவர். ஆனால் ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். கத்தரி தெரிந்தவர், தம் படங்களை ஏன் அவ்வளவு நீளமாக விட்டார்? சில அழுகைகளைப் பாதியில் நறுக்கியிருக்கலாம்.

அந்தக் குறையையும் அவரே பின்னாளில் தீர்த்தார் என்பேன். இந்தியில் 'கான்தான்' (1965), 'ஆத்மி' (1968) என்று பெரிய நடிகர்களை வைத்துப் படமெடுத்துவிட்டு, 1977இல் ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலுக்கு வந்தார். 1972இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற நாவல் அது. மழையில் ஒரு காரில் ஏறியதற்காக வீட்டைவிட்டு விரட்டப்படும் கங்கா, படித்து, உத்தியோகம் பார்த்து, ஊர்ப்பேச்சின் நடுவில் வாழ்கிறாள். கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. படிக்காதவனை மேதையாக்கிய அதே கை, படித்த பெண்ணின் தனிமையை ஒப்பாரி இல்லாமல் காட்டியது. அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே அவர் மறைந்துவிட்டார். நாம் இன்னும் 'ப' வரிசைப் படங்களை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சென்ற மாதம் அந்தப் படத்தைக் கைப்பேசியில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். இடையில் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. முடிந்ததும் வெகுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பிறகு, "நாளைக்கி ஒங்கம்மைக்கும் இதப் போட்டுக் காட்டுல" என்றார்.