வட்டப் பூமியில் ஒரு திதி

சென்னையிலிருந்து ஓர் அம்மையார் கண்ணீரோடு எழுதியிருக்கிறார். நியூயார்க்கில் வசிக்கும் அவருடைய மகன், தந்தையின் சிராத்தத்தை அங்குள்ள புரோகிதர் சொற்படி திங்கட்கிழமையே செய்துவிட்டாராம். இங்கே பஞ்சாங்கப்படி செவ்வாய்க்கிழமைதான் திதி. "ஒரு நாள் முன்னதாகச் செய்தது என் கணவரைச் சென்றடைந்திருக்குமா?" என்று வினவுகிறார்.

விடைக்கு முன் ஒரு சிறு சோதனை. சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் சென்னையையும் நியூயார்க்கையும் நேர்க்கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு அரபிக்கடல், சகாரா, அட்லாண்டிக் வழியே செல்லும். அந்த வழியின் நீளம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். இனி, பேரக்குழந்தையின் உலக உருண்டையில் இவ்விரு நகரங்களுக்கிடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கே ஏறி, மத்திய ஆசியா, ருசியா, பின்லாந்து ஆகியவற்றைக் கடந்து, ஆர்க்டிக் வட்டத்தைச் சற்றே தாண்டி, கிரீன்லாந்தின் தென்பகுதி வழியாக இறங்கும். இதுவே மிகக் குறுகிய வான்வழி. தூரம் ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர். துபாயில் விமானம் மாறிச் சென்றால்கூட 14,000 கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். தட்டையான தாளில் நேராகத் தெரிவது, உருண்டையான பூமியில் சுற்றுவழியாகிவிடுகிறது.

நாட்காட்டியும் அத்தகையதொரு தட்டையான தாளே. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள விலகலைக் கொண்டு அமைவது. அது உலகெங்கும் ஒரே கணத்தில் பிறந்து, ஒரே கணத்தில் முடிகிறது, கடிகாரங்கள்தாம் வேறுபடுகின்றன. சென்னைக்கும் நியூயார்க்குக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம்.

கோடையில் ஒரு தசமி, சென்னையில் திங்கள் இரவு 9 மணிக்குத் தொடங்கிச் செவ்வாய் இரவு 9 மணிக்கு முடிவதாகக் கொள்வோம். நியூயார்க்கில் அது திங்கள் முற்பகல் பதினொன்றரைக்குத் தொடங்கிச் செவ்வாய் முற்பகல் பதினொன்றரைக்கே முடிந்துவிடும். சிராத்தத்திற்கு உரிய காலம் பிற்பகலாகிய அபராண்ணம். சென்னையில் செவ்வாய் பிற்பகலில் தசமி இருக்கிறது. நியூயார்க்கிலோ அது திங்கள் பிற்பகலில்தான் இருக்கிறது; செவ்வாய் பிற்பகலில் ஏகாதசி வந்துவிடுகிறது. கிழமை இரண்டு, திதி ஒன்றே.

ஆகவே, கர்மாவைச் செய்பவர் எந்த மண்ணில் நிற்கிறாரோ, அந்த ஊரின் சூரியனே அவருக்குச் சாட்சி. சங்கல்பத்தில் நாம் நிற்கும் தேசத்தைச் சொல்லித் தொடங்குவதும் இதனால்தானே? நியூயார்க்கின் ஃப்ளஷிங் பகுதியில் 1977-இல் கும்பாபிஷேகம் கண்ட மகாவல்லப கணபதியும் அவ்வூர்ச் சூரியோதயத்தையொட்டியே பூஜை ஏற்கிறார். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருப்போர், நம் ஊர்ப் பஞ்சாங்கத் தேதியைத் தொலைபேசியில் சொல்லி வற்புறுத்தாமல், "அங்கே திதி என்றைக்கு என்று புரோகிதரிடம் கேட்டுக்கொள்" என்று நினைவூட்டினால் போதும்.

அம்மையே, கலங்க வேண்டா. தங்கள் மகன் ஒரு நாள் முந்தவில்லை. உரிய வேளையிலேயே எள்ளும் நீரும் இறைத்திருக்கிறார். விமானத்திற்குத்தான் 13,500 கிலோமீட்டர். சிரத்தையோடு இட்ட பிண்டத்திற்குத் தூரம் ஏது?