போதையும் போதனையும்

சென்ற ஆண்டு எம் மாணவர் சிலர் கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றிற்கு மதுவொழிப்புப் பிரசாரத்துக்காகச் சென்றோம். சுவரொட்டிகள் இருந்தன, வீதி நாடகம் இருந்தது, ஈரல் கெட்ட மனிதனின் வண்ணப்படமும் இருந்தது. லயத்து வாசலில் அமர்ந்து எல்லாவற்றையும் பொறுமையுடன் பார்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், நாம் புறப்படும் வேளையில் என்னை அழைத்துக் கேட்டார்: “தம்பி, குடி கெடுக்கும்னு எங்களுக்குத் தெரியாதா? ரோட்டடியில இருக்கிற அந்தக் கடைய மூட முடியுமா? இல்லாட்டி, இந்த மனுசன எங்க கொண்டுபோய்க் காட்டுறதுன்னாவது சொல்லிட்டுப் போங்க.”

இரண்டே கேள்விகள். இரண்டுக்கும் எம்மிடம் விடை இருக்கவில்லை. நானும் அதே மாவட்டத்துத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்தவன்; ஆதலால் என் வெட்கம் இரட்டிப்பானது. அன்று சொல்லத் தவறிய விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை. சப்ரகமுவத் தோட்டங்களிற் போதை ஒழிப்பு என்ற பெயரில் நாம் நடத்திவருவது பெரும்பாலும் போதனையே. கடையை மூடும் அதிகாரம் அம்மக்களின் கைக்கு வராத வரையில், நோயாளியைத் தேடிச் சிகிச்சை வராத வரையில், அப்போதனை வீண். சில வேளைகளில் அது கொடுமையுமாகும்.

முதலில், எம்மிடையே உலவும் ஒரு பொய்யைக் களைய வேண்டும். “தோட்டத்தான் என்றாற் குடிகாரன்” என்ற வாசகத்தைப் பல்கலைக்கழக விடுதிகளிலும் கேட்டிருக்கிறேன். நகரத்துக் கனவான் விடுதியில் அருந்தினால் அது பண்பாடு; தோட்டத் தொழிலாளி தவறணையில் அருந்தினால் அது அவன் பிறவிக்குணம்! இவ்விரட்டை அளவுகோலை வைத்துக்கொண்டு எவரும் எவரையும் திருத்த முடியாது.

குடிக்குச் சூழல் உண்டு. இறப்பர்ப் பால்வெட்டு அதிகாலையில் தொடங்குவது. மரம் நனைந்திருந்தால் வெட்டு இல்லை. தென்மேற்குப் பருவமழை கொட்டும் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டைப் பகுதிகளில் மழைக்காலம் என்றாற் பேர் விழாத நாட்கள் என்று பொருள். வேலையற்ற பகலும் நிச்சயமற்ற வருமானமும் ஒருவனை எங்கே இட்டுச்செல்லும் என்பதை அறிய ஆராய்ச்சி தேவையில்லை. இரத்தினபுரிப் பக்கத்திலோ தோட்டத்து இளைஞன் மாணிக்கக் குழிக்குப் போகிறான். பல நாள் வெறுங்கை, ஒருநாள் கைநிறைந்த காசு. அந்த ஒருநாளுக்காகக் கடை காத்திருக்கிறது.

சூழலைச் சொன்னதும் எம் முற்போக்கு நண்பர்கள் மகிழ்ந்துவிடலாகாது. “வறுமையும் சுரண்டலும் ஒழிந்தாற் குடி தானாக ஒழியும், அதுவரை மதுவொழிப்பு வெறும் சீர்திருத்தவாதம்” என்பது அவர்களுடைய வாதம். அந்த நன்னாள் வரும்வரை அடிவாங்கும் பெண்ணுக்கு இவர்கள் சொல்லும் ஆறுதல் என்ன? வறுமை குடியை வளர்க்கிறது என்பது மெய். குடி வறுமையை வளர்க்கிறது என்பதும் அதேயளவு மெய். சங்கத்துக்கு வரவேண்டிய மனிதன் தவறணையிற் கிடந்தால் இலாபம் எவருக்கு? தேர்தற் காலத்தில் லயங்களுக்குப் போத்தல் அனுப்புவோர் இதனை எம் தத்துவவாதிகளைவிட நன்கு அறிவர்.

குடித்தவன் நிதானம் இழந்து அடிக்கிறான் என்று நாம் பரிந்துபேசுகிறோம். நிதானத்தை முற்றாக இழந்தவனின் கைக்கு மனைவியே எப்போதும் அகப்படுவது எவ்வாறு? பங்களாவுக்குப் போய்த் துரையை அடித்துவிட்டு வந்த குடிகாரனை நான் கண்டதில்லை. குடி அவனுக்கு ஒரு சலுகையைத் தருகிறது. அச்சலுகையை வழங்கியது சமூகம். 1987இல் தொடங்கப்பட்ட மதுசாரம் மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையம், நோய்ப் பயத்தைக் காட்டுவதோடு நில்லாது, குடியைச் சுற்றிக் கட்டப்பட்ட கவர்ச்சியையும் பொய்ம்மகிமையையும் கலைக்க வேண்டும் என்று வலியுறுத்தி வந்துள்ளது. எம் சுவரொட்டிகள் அந்தப் பாடத்தைக்கூட இன்னும் கற்கவில்லை.

இனி, மூதாட்டியின் முதற் கேள்வி: கடையை மூட முடியுமா?

இந்நாட்டில் அது ஒருகாலத்தில் முடிந்தது. 1912இல் மதுவரிச் சட்டம் திருத்தியமைக்கப்பட்டுப் புதிய கள்ளுத் தவறணைகள் திறக்கப்பட்டபோது எழுந்த மதுவிலக்கு இயக்கம், இலங்கையின் முதலாவது வெகுசன இயக்கங்களுள் ஒன்று. அதன் முன்னணியில் நின்ற எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க ஆகியோர் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறையிடப்பட்டனர். ஒரு பகுதியிலே தவறணை இருப்பதா மூடப்படுவதா என்பதை அப்பகுதி மக்களின் வாக்கே தீர்மானிக்கும் முறை 1920களில் நடைமுறையில் இருந்தது. அவ்வாக்கினாற் பல தவறணைகள் மூடப்பட்டன. அன்று கிராமத்தவன் பெற்ற ஆயுதம் போதனையன்று, வாக்கு.

தோட்டத்து மக்களுக்குக் கிடைத்ததோ போதனை. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் தோட்டத் தொழிலாளரிடம் பேசியபோது மதுவைக் கைவிடுமாறு வேண்டினார். அவர் வேண்டியதிற் குறையில்லை. ஆனால் கேட்டவர்களிடம் மனவுறுதி ஒன்றைத் தவிர வேறு எந்த அதிகாரமும் இருக்கவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. மதுவிலக்கு இயக்கத்தின் முன்னணியில் நின்ற அதே டி. எஸ். சேனநாயக்கவின் ஆட்சியில் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பான்மையோர் நாடற்றவராயினர். அவர்களுடைய வாக்கும் பறிபோயிற்று. நாடற்றவன் எந்தத் தவறணையை மூடச்சொல்லி எவரிடம் மனுக் கொடுப்பான்? 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அப்பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. இவ்வரலாற்றை மறைத்துவிட்டுத் தோட்டத்தானின் மனவுறுதியைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

இன்று வாக்கு இருக்கிறது. ஆனால் கடையைப் பற்றி அந்த வாக்கிடம் எவரும் கேட்பதில்லை. 2024இல் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் விபரம் அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வெளியிடப்பட்டது. மொத்தம் 361, அவற்றுள் சப்ரகமுவ மாகாணத்துக்கு 30. இந்த முப்பதையும் கேட்டவர் யார்? கொழுந்துக் கூடையைச் சுமக்கும் பெண்களா? மழையில் நனைந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பால்வெட்டுகாரரா? அவ்வாண்டு செப்டெம்பரிலேதான் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. சம்பள உயர்வுக்கு ஆண்டுக்கணக்காகப் பேச்சுவார்த்தை; சாராயக் கடைக்கு மட்டும் ஒரே ஆண்டில் 361 கையொப்பங்கள்!

கடையை மூடினாற் கசிப்பு பெருகும் என்று அறிஞர் அஞ்சுவர். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் கடை திறந்திருக்கும் இக்காலத்திலும் கசிப்பு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? ஒரு போத்தல் சாராயத்தின் விலை நாட்சம்பளத்தையும் தாண்டிவிட்டது. சீனியையும் ஈஸ்டையும் பீப்பாயில் இட்டுப் புளிக்கவைத்த கோடாவைக் காட்டோரத்திற் காய்ச்சி விற்பவன், அதனினும் மிகக் குறைந்த விலைக்குத் தருகிறான். கடையும் கசிப்பும் ஒன்றையொன்று ஒழிப்பனவல்ல. கடை பழக்குகிறது, கசிப்பு பழகியவனை வாங்கிக்கொள்கிறது. அரசின் வருமானம் குறையும் என்போருக்கும் விடை உண்டு. 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். வருமான இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியை விதித்தார். வேறு வழி தேட விரும்பும் அரசுக்கு வழி கிடைக்கும்.

எனினும் மேலிருந்து வரும் தடை மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. தமிழ்நாட்டின் வட எல்லைக்கு அப்பாலுள்ள நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே அறிவொளி வகுப்புக்குச் சென்ற ஏழைப் பெண்கள், எழுத்தோடு தம் நிலைமையையும் வாசிக்கக் கற்றனர். 1992இல் ஊர்ச் சாராயக் கடையை எதிர்த்துத் திரண்டு அதனை மூடவைத்தனர். அச்செய்தி ஊர் ஊராகப் பரவியது. 1993 ஒக்ரோபரில் ஆந்திரம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கும் வந்தது. 1997இலோ அம்முழு விலக்குத் தளர்த்தப்பட்டது. இதிலிருந்து நாம் கற்பவை இரண்டு. கூலிக்காரப் பெண்கள் ஒன்றுசேர்ந்தால் ஓர் அரசையே பணியவைக்கலாம் என்பது முதலாவது. சட்டமாக மட்டும் எஞ்சிய வெற்றியை அடுத்த அரசு அழித்துவிடலாம் என்பது இரண்டாவது. ஆகவே அதிகாரம் ஊரிலேயே தங்க வேண்டும். ஊரிலுள்ள நோயாளிக்கு மருந்தும் ஊரிலேயே கிடைக்க வேண்டும்.

இது மூதாட்டியின் இரண்டாவது கேள்விக்கு எம்மை அழைத்துச் செல்கிறது.

இவ்விடத்தில் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் இருபது ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவின்போது, ஊர்ப்பெரியவர்கள் கூடிக் குடிகாரர் பன்னிருவரைச் சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்யவைத்தனர். பெரியப்பாவும் சத்தியம் செய்தார்; சத்தியத்தைக் காத்தும் நின்றார். மறுநாள் கைகள் நடுங்கின. இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள், இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வதாகக் கத்தினார். அம்மன் சோதிக்கிறாள் என்றனர் சிலர்; சத்தியத்தை மீறி ஒளிந்து குடித்திருக்கிறார், அதனால்தான் தண்டனை என்றனர் வேறு சிலர். லொறி ஒன்று பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் வழியில் அவர் இறந்துபோனார். சத்தியத்தை முறித்த மற்றப் பதினொருவர் உயிரோடிருந்தனர்.

நெடுங்காலம் கடுமையாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்படலாம். மருத்துவக் கண்காணிப்பு இல்லையேல் உயிரும் போகலாம். இது மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த உண்மை. எங்கள் தோட்டத்தில் அறிந்தார் எவருமிலர். அப்பெரியவர்கள் கெட்டவர்கள் அல்லர். தம்மிடம் இருந்த ஒரே கருவியை அவர்கள் எடுத்தனர். நாமோ நூல்நிலையத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரொட்டியை மட்டும் எடுத்துச் சென்றோம்! எவர் குற்றம் பெரிது?

இலங்கையிற் சிகிச்சையே இல்லை என்று நான் கூறவில்லை. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைக்கப்பட்டது. தலங்கமை, நிட்டம்புவை, கண்டி, காலி ஆகிய இடங்களில் அதன் சிகிச்சை நிலையங்கள் உருவாயின. இப்பெயர்களுள் ஒன்றும் சப்ரகமுவவுக்கு உரியதன்று. பெரியாஸ்பத்திரிகளில் உளமருத்துவப் பிரிவுகள் உண்டு. ஆயின் நாட்கூலிக்காரனுக்கு ஆஸ்பத்திரியிற் கழியும் ஒவ்வொரு நாளும் சம்பளமற்ற நாள். பஸ்ஸுக்கு வேறு பணம் வேண்டும். துணைக்குச் செல்லும் மனைவியின் பேரும் போகும். அங்கே மனத்திலுள்ளதைத் தமிழில் கேட்டறிய ஆள் இல்லையென்றால், மன நோய்க்கு மருத்துவம் எவ்வாறு நடைபெறும்?

நோயாளி சிகிச்சையைத் தேடிப் போக இயலாதென்றால், சிகிச்சை நோயாளியைத் தேடி வரவேண்டும். இது கற்பனையன்று. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய போதை மீட்பு நிறுவனம், 1989இல் பழைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடிக் கிராமத்திற்குச் சென்று முகாம் அமைத்தது. சுமார் இரு வாரங்கள் நோயாளிகள் அங்கேயே தங்கினர். மருத்துவரும் ஆலோசகரும் உடனிருந்தனர். குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்கப்பட்டது. ஊரார் இடமும் உதவியும் அளித்தனர். முகாம் முடிந்த பின்னரும் தொடர்கவனிப்பு நடைபெற்றது. ஊரே பார்த்திருக்க ஒருவன் நலம்பெறும்போது, அவனைக் “குடிகாரன்” என்று ஒதுக்கிய ஊரும் உடன் நலம்பெறுகிறது. மஞ்சக்குடியில் முடிந்தது தெரணியகலையிலும் இறக்குவானையிலும் ஏன் முடியாது? தோட்டப் பாடசாலை விடுமுறையில் வெறுமையாகத்தானே கிடக்கிறது?

மதுவைப் பற்றியே பேசுகிறேன். ஹெரோயினும் ஐஸும் புகுந்துவிட்ட காலம் இது என்று நண்பர்கள் நினைவூட்டுவர். உண்மைதான். கொழும்புக்கு வேலைதேடிச் சென்று திரும்பும் இளைஞருடன் அப்பழக்கமும் லயங்களுக்கு வருகிறது. ஆனால் அங்கும் கேள்வி அதுவே. 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரிற் பொலிஸ் நடவடிக்கை தொடங்கியது, ஆயிரக்கணக்கானோர் கைதாயினர். கைதுசெய்யப் பொலிஸ் லயம் வரைக்கும் வரமுடியுமானால், சிகிச்சை வரமுடியாமற் போவது ஏன்?

ஆகவே நாம் கேட்கவேண்டியவை தெளிவானவை. தோட்டத்துக்கு அண்மையில் எந்தவொரு மதுக்கடைக்கும் அனுமதி வழங்கும் முன், அத்தோட்டத்து ஆண்களும் பெண்களும் இரகசிய வாக்கால் அதனைத் தீர்மானிக்கவேண்டும். ஒவ்வொரு பிரதேசத்திலும் ஆண்டுதோறும் சிகிச்சை முகாம் நடைபெறவேண்டும். முகாமில் தங்கும் நாட்களுக்குத் தோட்ட நிர்வாகம் சம்பளம் வழங்கவேண்டும். தொழிற்சங்கங்கள் இதனைக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதவேண்டும். முகாமின் பின் வீடுவீடாகச் சென்று கவனிக்கும் பொறுப்பைத் தோட்டத்து மாதர் சங்கங்கள் ஏற்கவும், அதற்குரிய பயிற்சியையும் படியையும் அரசு அளிக்கவும் வேண்டும்.

எமக்கும் ஒரு கடமை உண்டு. கலைப்பீடத்தில் உளவியலும் சமூகவியலும் தமிழிற் கற்றுவிட்டு வேலைக்குக் காத்திருப்போர் எத்தனை பேர்! நோயாளியின் மொழியிற் பேசத்தெரிந்தவர் இவர்களன்றி வேறு யார்? ஆண்டுக்கொரு தோட்டத்திற்கு ஒருநாட் சுற்றுலா போவதை நிறுத்துவோம். ஒரே தோட்டத்தைத் தெரிந்தெடுத்து ஓராண்டு அங்கே தொடர்ந்து செல்வோம். மருத்துவபீட மாணவரையும் அழைத்துச் செல்வோம். அனுமதிப்பத்திரத்துக்கு எதிரான மனுவை எழுத அப்பெண்களுக்குத் துணைநிற்போம்.

சுவரொட்டிகளை இம்முறை விடுதியிலேயே விட்டுச்செல்லலாம். அந்த மூதாட்டி இன்னும் லயத்து வாசலில் இருப்பார். குடி கெடுக்கும் என்பதை அவர் எம்மிடம் கற்கவேண்டியதில்லை. அவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் விடையோடு சென்றாலன்றி, மீண்டும் அந்த வாசலை மிதிக்க எமக்கு உரிமையில்லை.