சில்வர் ஓக் அழகுதான், ஆனா வகுப்பறை ஓரத்துல வேண்டாம்!



இந்த மழைக்கு நம்ம பள்ளியில் மரக்கன்று நடப் போவதாக பிரேயரில் சொன்னார்கள். என்ன மரம் வேணும்னு கேட்டதற்கு நிறைய பேர் சில்வர் ஓக் என்று கை தூக்கினார்கள். வகுப்பறைச் சுவரை ஒட்டி வரிசையா நட்டா எஸ்டேட் பங்களா மாதிரி இருக்குமாம். இதைப் பற்றி என் கருத்தை எழுதுகிறேன்.

முதல்ல ஒரு விஷயம். சில்வர் ஓக் உண்மையான ஓக் மரமே இல்லை. உண்மையான ஓக்கில் சின்னக் கிண்ணத்தில் உட்கார்ந்த மாதிரி கொட்டை காய்க்கும். அது இமயமலைப் பக்கம் வளர்கிறது. உத்தரகாண்டில் அதை 'பாஞ்ச்' என்பார்கள், இலையை மாட்டுக்குத் தீவனமாகப் போடுவார்கள். நம்ம ஏற்காட்டில் இருப்பது ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த வேறு மரம். காபிச் செடிக்கு நிழலுக்கும், மிளகுக் கொடி ஏறுவதற்கும் எஸ்டேட்டில் வைத்தது. பலகை ஓக் பலகை மாதிரி இருக்கும், இலையின் அடிப்பக்கம் வெள்ளி போல மின்னும். அதனாலதான் அந்தப் பேர்.

அழகைக் குறை சொல்ல மாட்டேன். ஆரஞ்சு நிறத்தில் பூத்தால் தேனீ மொய்க்கும். சீக்கிரமாவும் வளரும். ஆனா நூறு அடி வரைக்கும்கூட வளரக்கூடிய மரம் அது. பலத்த காத்துக்கு கிளை முறிஞ்சிடும். எஸ்டேட்டில் ஆள் விட்டு கிளை கழிக்கிறாங்க. நம்ம பள்ளியில யார் ஏறிக் கழிப்பாங்க? ஓட்டு மேல கிளை விழுந்தா கீழே உட்கார்ந்திருப்பது நாமதான்.

அப்போ சில்வர் ஓக் வேண்டவே வேண்டாமா என்று கேட்பீர்கள். மைதானத்துக்கு அந்தப் பக்கம், வேலி ஓரமா நாலு மரம் தள்ளித் தள்ளி வைக்கலாம். மிளகும் ஏற்றலாம். வகுப்பறைப் பக்கம் நாவல், புங்கன் வைக்கலாம். அதையும் சுவரை ஒட்டி வைக்காமல் நல்லா தள்ளி வைத்தால் நிழலும் கிடைக்கும், சுவருக்கும் கேடு வராது.

எந்த மரமா இருந்தாலும் குழி ஒன்றரை அடி எடுக்கணும். கவரைக் கிழித்து, மண் உதிராமல் வைக்கணும். இதெல்லாம் ஒரு நாள் வேலை. கஷ்டம் அதுக்கு அப்புறம்தான். போன தடவை நட்டதில் பல இடத்தில் முள்வேலி மட்டும்தான் நிற்குது, உள்ளே கன்று இல்லை. கோடை லீவுல பள்ளிக்குப் பூட்டு. மழை பெய்யாத வாரத்துல கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

அதனால் என் யோசனை இது. ஒரு வகுப்புக்கு இரண்டு கன்று போதும். பள்ளி நடக்கும்போது சத்துணவுத் தட்டு அலசுற தண்ணியை கன்றுக்குத் திருப்பி விடலாம். லீவுல பள்ளிக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறவங்க முறை போட்டு வாரத்துக்கு ரெண்டு தடவை ஊற்றலாம். வேர் பிடிக்க இரண்டு கோடை தாண்டணும். இப்போ ஏழாவது படிக்கிறவங்க ஒன்பதாவது வரும் வரைக்கும் பார்த்துக்கணும்.

நூறு கன்று நட்டு போட்டோ எடுப்பதை விட பத்து கன்றை மரமாக்கிக் காட்டுவோம். தலைமை ஆசிரியர் அவர்கள் இதை யோசிக்க வேண்டுமாய்ப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி