பாதி வழியில் பஸ் ஏறியவர்



வழுக்காமல் இருப்பதற்காகக் குளிர்காலம் முழுவதும் வீதியில் கொட்டிய பொடிக்கல்லைக் கூட்டி அள்ளும் வண்டிகள் நோர்வேயின் லோறென்ஸ்கூக்கில் ஓடத் தொடங்கிவிட்டன. இந்த ஊரில் வசந்தம் வந்ததற்குக் குருவிச் சத்தத்தைவிட அந்த வண்டிச் சத்தத்தைத்தான் நான் நம்புவேன். அடுக்குமாடி வீடுகளின் நிலவறைகளிலிருந்து சைக்கிள்கள் வெளியே வருகின்றன. லூஸ்பிப் பக்கமாக ஒஸ்ற்மார்க்கா காட்டுக்குள் போகும் பாதையில் சனி, ஞாயிறுகளில் நம்மவர் முகங்களும் தெரிகின்றன.

இந்த முறை வந்த கடிதங்களில் ஒரே ஆசை வேறு வேறு கையெழுத்தில் வந்திருக்கிறது. இதயத்துக்கு ஸ்டென்ற் வைத்தாயிற்று, அல்லது சீனி வருத்தம், அல்லது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆனாலும் ஒரு கோடையிலாவது ஒஸ்லோவிலிருந்து துரோன்ஹெய்ம் வரை தனியாகச் சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டில் விடுகிறார்கள் இல்லை. ஆசிரியர் என்ன சொல்கிறார்?

போகலாமா கூடாதா என்பதை உங்கள் குடும்ப வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பை இந்தப் பக்கம் ஏற்காது. ஆனால் வருத்தத்தோடும் காயத்தோடும் நெடுந்தூரம் போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று வாசித்துச் சொல்லலாம்.

எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் டெர்வ்லா மேர்பி. அயர்லாந்தின் லிஸ்மோர் என்ற சிறு நகரத்துப் பெண். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஓர் உலக வரைபடப் புத்தகமும் கிடைத்தன. இந்தியாவுக்குச் சைக்கிளில் போவதென்று அப்போதே முடிவெடுத்துவிட்டார். போனது 1963 ஜனவரியில், 31 வயதில். இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தார்? தாய்க்குக் கடுமையான மூட்டுவாதம். 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு நின்று, 1962இல் தாய் கண்மூடும்வரை பார்த்தார். ஆக, நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தின் மிகப் புகழ்பெற்ற கதைகளில் ஒன்று, ஏறக்குறைய இருபது வருடக் காத்திருப்பில் தொடங்குகிறது. வீட்டில் முதியவரைப் பராமரித்துக்கொண்டு இந்தப் பக்கத்தை வாசிக்கும் சகோதரிகள் பலர் இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அவர் புறப்பட்ட அந்த ஜனவரி, ஐரோப்பா அதுவரை அதிகம் கண்டிராத கொடும் குளிர்காலம். யூகோஸ்லாவியாவின் பனியில் சைக்கிள் நகரவில்லை, லொறியில் ஏறினார். ஆப்கானிஸ்தானில், பஸ் ஒன்றுக்குள் மூண்ட சண்டையில் துப்பாக்கிப் பிடி ஒன்று விலாவில் பட்டு எலும்புகள் முறிந்தன. பாகிஸ்தானில் வெயில் தாக்கியது, வயிற்றோட்டம் படுத்தியது. ஒவ்வொரு தடவையும் நின்றார். யாரோ ஒருவர் வீட்டில் படுத்தார், உடம்பு சொன்னபடி கேட்டார், பிறகு மறுபடி மிதித்தார். ஜூலையில் டில்லிக்கு வந்து சேர்ந்தார். இரண்டு வருடம் கழித்து வந்த அவரது முதல் புத்தகத்தில் லொறி, பஸ் ஏறிய கதைகள் எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் இருக்கின்றன. முழுத்தூரமும் மிதித்தேன் என்று காட்டவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். நமக்கோ அது அவ்வளவு இலகுவாகப் பிடிபடாது.

நாம் விடாப்பிடியைக் கொண்டாடும் சனம். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். 1971இல் பாக்கு நீரிணையை இரு திசையும் நீந்தியவர். 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலங்களுக்கு மேல் நிறுத்தாமல் சைக்கிள் ஓடியவர். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் உயிரை விட்டார். அவர் பெயரைச் சொல்லும்போது இன்றும் நெஞ்சு நிமிர்கிறது, நிமிரட்டும். ஆனால் அவர் செய்தது சாதனை. அதில் நிற்பது தோல்வி, அதுதான் விதி. பயணத்துக்கு அந்த விதி இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், இரண்டாம் நாளே முழங்கால் வீங்கினாலும் "வந்தாச்சு, போய் முடிப்பம்" என்று நம்மவர் மிதிக்கிறார்கள்.

வேலையிலும் அப்படித்தானே இருந்தோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த தலைமுறை, பகலில் துப்புரவு, இரவில் உணவகச் சமையலறை, இடுப்புவலிக்கு ஒரு மாத்திரை என்று ஓடியது. மருத்துவ விடுப்பு எடுப்பதை ஏதோ குற்றம் போல நினைத்தார்கள். இந்த நாட்டில் சுகவீனத்துக்கு ஒரு வருடம் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதைவிட நல்ல ஏற்பாடு ஒன்றும் உண்டு: முழுதாக நிற்காமல், இயன்ற அளவு வேலை செய்து, மீதிக்கு மட்டும் விடுப்பு எடுப்பது. 20 வீதத்திலிருந்து 100 வீதம் வரை வைத்தியர் எழுதித் தருவார். மேர்பி செய்ததும் அதுதான் என்று எனக்குப் படுகிறது. இன்று நாற்பது வீதம் சைக்கிள், அறுபது வீதம் லொறி.

நோர்வேக்காரரிடமும் ஒரு கதை இருக்கிறது. டாக் ஒட்டோ லவுரிட்சன் இராணுவத்தில் பரசூட்டில் குதித்தபோது முழங்காலில் பலமாக அடிபட்டவர். காலைத் தேற்றுவதற்காகத்தான் சைக்கிளில் ஏறினார். 1984 லொஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம். 1987இல் பிரான்ஸ் சுற்றுப் போட்டியில், பிரனீஸ் மலைகளின் லூஸ் ஆர்டிடெனில் முடிந்த கட்டத்தை வென்று, அந்தப் போட்டியில் ஒரு கட்டத்தை வென்ற முதல் நோர்வேஜியர் ஆனார். சைக்கிள் மூட்டுக்கு நல்லது என்று இயன்மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியைச் சீற் தாங்குகிறது, முழங்கால் தாங்குவதில்லை. சீற் உயரம் பிழைத்தால் அதே சைக்கிள் முழங்காலைக் கெடுக்கும் என்பதையும் அவர்களே சொல்வார்கள். கடையில் வாங்கிய நாள் வைத்த உயரத்திலேயே பத்து வருடம் ஓடுகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள்.

அலாஸ்காவின் லேல் வில்கொக்ஸுக்கு ஆஸ்துமா. 2015இல் அமெரிக்க மலைத்தொடர் வழியான நெடும் சைக்கிள் போட்டியில் மூச்சு முட்டி, இடையில் வைத்தியசாலைக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு வந்து ஓடினார். அப்படியும் பெண்களுக்கான வேகச் சாதனை அவருடையதானது. 2024இல் உலகைச் சுற்றி 29,000 கிலோமீற்றருக்கு மேல், 108 நாட்களில் முடித்தார்.

இனி நம் வாசலுக்கு வருவோம். தெற்காசியருக்கு நீரிழிவும் இதயநோயும் இளவயதிலேயே வருகின்றன என்பது இங்கே புதிய செய்தி இல்லை. இலங்கையில் வாழும் இலங்கையரையும் இங்கே வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வொன்று, இங்கிருப்பவர்களின் இரத்தத்தில் விற்றமின் டி வெகு குறைவு என்று காட்டியது. இருட்டு மாதங்களும் மூடிய உடுப்பும் சேர்ந்த பலன். ஆறுதலான ஆய்வும் ஒன்று உண்டு. பக்கத்து ரொம்சோஸில் 2000ஆம் ஆண்டு தொடங்கி மூன்று வருடம், மருத்துவர் ஆன் காரென் யெனும் தலைமையில் மக்களை நடக்க வைக்கும் முயற்சி நடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த இடம் நம் அயல் ஊரான ஃபூருசெட். நடைக்குழு அமைத்தார்கள், பாதைகளுக்கு அடையாளம் வைத்தார்கள், விளக்குப் போட்டார்கள், குளிர்காலத்தில் கல் தூவினார்கள். அவ்வளவுதான். ரொம்சோஸ் மக்களின் அசைவு கூடியது, நிறை ஏறுவது குறைந்தது. இப்போது கூட்டி அள்ளுகிறார்களே, அந்தப் பொடிக்கல்லுக்கு மருத்துவத்தில் ஓர் இடம் உண்டு என்று தெரிந்தபின் அதன் சத்தத்தை நான் சபிப்பதில்லை.

துரோன்ஹெய்ம் ஆசைக்காரர்களுக்குச் சில சொல். அந்தப் பாதையில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி, டோவ்ரே ரயில்பாதை. ஹாமார், லில்லஹாமர், ஒட்டா, டொம்போஸ், ஒப்டால் என்று வழிநெடுகத் தரிப்பிடங்கள். எந்த நாள் எந்தத் தரிப்பிடத்துக்குக் கிட்ட இருப்பீர்கள் என்பதைத்தான் முதலில் எழுதுங்கள். எத்தனை கிலோமீற்றர் என்பது பிறகு. ரயிலில் சைக்கிளுக்கும் இடம் பதிய வேண்டும், கோடையில் முன்கூட்டியே நிரம்பிவிடும். கூடாரம் அடிப்பவர்களுக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது: பயிரிடாத நிலத்தில், ஆள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி, இரண்டு இரவு வரை யாரையும் கேட்காமல் தங்கலாம்.

இன்சுலின் போடுபவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நாள் முழுக்க மிதித்தால் சீனி, இரவு நித்திரையிலும் இறங்கிக்கொண்டே இருக்கலாம். படுக்கும்முன் பார்க்காமல் படுக்காதீர்கள், கைக்கெட்டும் இடத்தில் பழச்சாறு இருக்கட்டும். டோவ்ரே மலையில் கோடையிலும் இரவு உறையலாம். இன்சுலின் ஒருதரம் உறைந்தால் அது குப்பைக்குத்தான், ஆகவே உறங்கும் பைக்குள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். இதயத்துக்குப் பீற்றா தடுப்பு மாத்திரை எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி வேகம் பிடிக்க வேண்டாம். மாத்திரை துடிப்பைக் குறைத்தே காட்டும். ஏற்றத்தில் முழு வசனம் பேச முடிகிறதா என்று பாருங்கள். தனியே போகிறவர் யாரோடு பேசுவது என்று கேட்பீர்கள். வீட்டுக்கு ஃபோன் எடுங்கள், அவர்களுக்கும் நிம்மதி. நெஞ்சு நோ, மூச்சுத்திணறல் என்றால் 113. அந்த எண்ணின் செயலி கைபேசியில் இருந்தால், நீங்கள் நிற்கும் இடமும் அவர்களுக்குத் தெரியும். அவ்வளவு அவசரமில்லாததற்கு 116117.

மின்சாரச் சைக்கிள் எடுத்தால் கணக்கில் வருமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். யாருடைய கணக்கில், ஐயா? மேர்பி 2002இல், எழுபது வயதில், சைக்கிளோடு சைபீரியா போனார். ரயிலிலேயே முழங்காலில் அடிபட்டது. மிதிக்கவே முடியவில்லை. ரயிலும் பஸ்ஸும் படகுமாகச் சுற்றி வந்து அதையும் ஒரு புத்தகமாக எழுதினார். பின்னர் குளிர்காலத்தில் மறுபடி போய் இன்னொன்றும் எழுதினார்.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு குறை தட்டுகிறது. வருத்தக்காரரோடு சைக்கிளில் போன நெடும் பயணங்கள் நம்மிடம் ஏராளம், ஆனால் எழுத்தில் இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. காய்ச்சல் பிள்ளையைப் பாரில் இருத்தியும், பிரசவ வலிக்காரியைக் கரியரில் வைத்தும் பெரியாஸ்பத்திரிக்கு மிதித்தவர்கள், அதே சைக்கிளின் டைனமோவைச் சுற்றி இரவில் வானொலி கேட்டவர்கள், கிளாலிக் கடலில் வள்ளத்தில் சைக்கிளை ஏற்றி அக்கரையில் இறக்கியவர்கள் இன்று லோறென்ஸ்கூக்கிலும் ஸ்ட்ரொம்மனிலும் ஃபூருசெட்டிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அப்போதே ஆஸ்துமா இருந்திருக்கும், சீனி இருந்திருக்கும். எங்கே நின்றீர்கள், யார் தண்ணி தந்தார்கள், ரயர் வெடித்தபோது யார் ஒட்டுப் போட்டுத் தந்தார்கள், மருந்து எப்படிக் கிடைத்தது? கோடை இதழுக்கு எழுதி அனுப்புங்கள். கையால் எழுதினாலும் சரி, பேரப்பிள்ளையிடம் சொல்லிக் கைபேசியில் பதிந்து அனுப்பினாலும் சரி, தட்டச்சு நாங்கள் செய்துகொள்கிறோம். ஊர்ப்பெயர்களையும் சைக்கிள் என்ன மார்க் என்பதையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். றலியா லுமாலாவா என்று கேட்டு எழுதும் வாசகர்கள் இங்கே நிறைய.

அன்புடன்,
ஆசிரியர்