நம்பிக்கையும் நாணயமும்

நம்பிக்கை, நாணயம் என்னும் இரு சொற்களும் எண்ணிப் பார்க்கத் தக்கவை. இறைவன்பால் வைக்கும் பற்றும் நம்பிக்கையே. கடைக்காரர் நிறுத்துக் கொடுத்ததை மறுபடி நிறுத்துப் பாராமல் வாங்கிச் செல்லும் மனமும் நம்பிக்கையே. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் பிறழாத ஒழுக்கமும் நாணயம். வழிபாட்டிற்கும் வணிகத்திற்கும் ஒரே சொல்லை வழங்கியவர்கள் இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என அறிந்திருந்தனர். இன்றோ, சொல்லின் ஒரு பாதியைப் பூசையறையில் வைத்துவிட்டு மறுபாதியை மறந்துவிடும் போக்கு வளர்ந்துள்ளது. அப்போக்கு சிறு வணிகத்தில் இறங்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கேடு விளைப்பது. நம்பிக்கைக்கும் இழுக்குத் தேடித் தருவது.

மலேசியத் தமிழர் குடும்பம் ஒன்று சிறு தொழில் தொடங்கும் விதத்தைப் பார்த்தாலே இது விளங்கும். சேமநிதியிலிருந்து எடுத்த தொகை, அடகு வைத்த நகை, உறவினரிடம் கைமாற்றாக வாங்கிய பணம் ஆகியவையே முதல். பெயர்ப்பலகையில் ஓரெழுத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று எண்கணிதம் அறிந்தவரிடம் கேட்கப்படுகிறது. நல்ல நாளும் நல்ல நேரமும் குறிக்கப்படுகின்றன. ஓமம் வளர்க்கப்படுகிறது, வாழை கட்டப்படுகிறது, பூசணிக்காய் உடைக்கப்படுகிறது. கல்லாவுக்கு மேலே இறைவன் திருவுருவம் ஏறுகிறது. இவற்றுள் எதுவும் குற்றமன்று. ஒரு புதுச் செயலை இறைவனை வணங்கித் தொடங்குவது பண்பட்ட மரபேயாகும்.

குற்றம் அத்துடன் நின்றுவிடுவதில்தான் இருக்கிறது. கொள்முதல் விலை என்ன? வாடகையும் மின்கட்டணமும் விற்பனையில் எத்தனை விழுக்காட்டை விழுங்கும்? இலாபம் வாராத முதல் ஆறு மாதங்களுக்குத் தாங்கும் வலிமை முதலுக்கு உண்டா? இவற்றைக் கேட்டுக்கொள்வதற்கு எவரும் நாள் குறிப்பதில்லை. கேட்கத் துணிந்தவருக்கும் "சாமி பார்த்துக்கொள்வார்" என்பதே விடை. ஓராண்டில் கடை மூடப்படுமானால் பழி கண்ணேற்றின்மேல் விழும்; இல்லையேல் எதிர்க்கடைக்காரர் செய்வினையின்மேல் விழும். கணக்கின்மேல் மட்டும் விழுவதில்லை. ஏனெனில் கணக்கே எழுதப்படவில்லை.

மறைகள் பேசும் வணிகம்

இறைநம்பிக்கையின் வழியில் தொழில் நடத்த விரும்புவோர் தத்தம் மறைகள் வணிகத்தைப் பற்றி என்ன கூறுகின்றன என்பதையேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

திருக்குறளில் பொருள் செயல்வகை என்றோர் அதிகாரம் உண்டு. அது பொருட்பாலில் 76ஆவது அதிகாரம். ஆயினும் வணிகர் ஒழுக வேண்டிய முறையை வள்ளுவர் அங்கு வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை என்னும் 12ஆவது அதிகாரத்தில், 120ஆவது குறளாக வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வணிகம் என்பது அதன் கருத்து. துலாக்கோலை உவமையாகக் கொண்ட குறளும் அதே அதிகாரத்தில்தான் உளது. வணிகம் பொருளுக்குரியது என உலகம் எண்ண, அதனை அறத்தின் பக்கத்தில் வைத்த அவர் உள்ளம் ஆராயத் தக்கது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆவது வசனமாகும். தவணைக் கடனை எழுதி வைத்தல், எழுதுபவர் நேர்மை, சாட்சிகளை அமைத்தல் ஆகியவற்றையே அது விரித்துரைக்கிறது. தொகை சிறிதாயினும் எழுதுவதற்குச் சலிப்படையலாகாது என்றும் வலியுறுத்துகிறது. விவிலியத்தில் லேவியராகமம் 19ஆம் அதிகாரம் சரியான தராசையும் சரியான படியையும் கட்டளையாகவே விதிக்கிறது. கூலியாளின் கூலியை மறுநாள் காலைவரை வைத்திருக்கலாகாது என்பதும் அதே அதிகாரத்தின் கட்டளை.

மூன்று சமயங்கள், மூன்று நூல்கள். ஆயினும் கடை தொடங்குவோருக்கு இலாபத்தை உறுதியளிக்கும் பேச்சு இவ்விடங்களில் இல்லை. பேசப்படுபவை தராசு, ஏடு, கூலி ஆகிய மூன்றே. அங்ஙனமிருக்க, தராசையும் ஏட்டையும் கூலியையும் மறந்தவர், தம் தொழில் நம்பிக்கையின் வழியில் நடக்கிறது என்று எவ்வாறு உரைக்க இயலும்?

இன்னொன்றும் உளது. இந்து வணிகர் கோயிலுக்கு மகமை அளித்தனர். கிறித்தவ மரபில் பத்திலொரு பங்கைக் காணிக்கையாக்கும் வழக்கம் உண்டு. இசுலாமியர் உரிய அளவை எட்டிய வணிகச் செல்வத்திற்கு ஆண்டுதோறும் இரண்டரை விழுக்காடு ஸக்காத்து வழங்கக் கடமைப்பட்டவர்கள். வரவு எவ்வளவு எனத் தெரியாதவர் அதில் பத்திலொரு பங்கைக் காண்பது எங்ஙனம்? கையிருப்புச் சரக்கையும் வரவேண்டிய கடனையும் அறியாதவர் இரண்டரை விழுக்காட்டைக் கணிப்பது எங்ஙனம்? ஈகை அறமென்றால், அதற்கு முற்பட்ட அறம் கணக்கு. கணக்கில்லாத இடத்தில் காணிக்கை வெறும் ஊகமாகிவிடும்.

நகரத்தார் காட்டிய வழி

இது ஏட்டளவில் நின்ற கொள்கையன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் கடல் கடந்து வந்து பினாங்கில் 1857இலும், சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859இலும் முருகனுக்குக் கோயில் எடுத்தனர். அவர்கள் தொழில் நடத்திய கிட்டங்கிகளில் ஆடம்பரம் இருந்ததில்லை. ஒரே கூடத்தில் பல நிறுவனங்களின் முகவர்கள் அமர்ந்திருப்பர். ஒவ்வொருவருக்கும் ஒரு பாய், ஒரு பெட்டி, கணக்கேடுகள். அவ்வளவே கடை. பிள்ளையார் சுழி இட்டுத் தொடங்கிய ஏட்டில் அன்றாட வரவு செலவு பதிவாயிற்று. அது பேரேட்டில் ஏறிற்று. பின்பு ஐந்தொகை எடுக்கப்பட்டது. கோயிலுக்குரிய மகமையும் அவ்வேடுகளிலேயே கணக்காயிற்று. இறைவனுக்கும் கணக்கில் இடமுண்டு என்றால் அக்கணக்கில் பொய்யெழுதக் கை கூசும் அன்றோ?

பெட்டியடிப் பையனாகச் சேரும் சிறுவன் கூடத்தைப் பெருக்குவதிலிருந்து தொடங்கி, எழுத்தும் வட்டிக்கணக்கும் பழகி, அடுத்தாளாக உயர்ந்து, பின்னரே முகவராவான். மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் ஊர் திரும்பி முதலாளியிடம் கணக்கை ஒப்புவித்தாக வேண்டும். பக்தியும் பயிற்சியும் ஒருங்கே ஓடிய இரு தண்டவாளங்கள் அவை. ஒன்றைப் பெயர்த்தெடுத்துவிட்டு வண்டியை ஓட்ட முனைவோர் கவிழ்வது இயல்பே.

நகரத்தாரின் வட்டியைப் பற்றிக் கடன்பட்டோர் கூறும் வரலாறு வேறு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. அவர்தம் பக்தி அவர்களை இழப்பிலிருந்து காத்ததுமில்லை. 1930இல் உலகப் பொருளியல் வீழ்ச்சி பர்மாவைத் தாக்கியபோது நெல்விலை சரிந்தது. உழவரால் கடனைத் திருப்ப இயலவில்லை. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் நகரத்தார் கைவசமிருந்த நிலம், 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்தது, 1937ஆம் ஆண்டளவில் 25 விழுக்காடாயிற்று. கொடுத்த பணம் மண்ணாகக் கிடந்தது. உழவர் பகையும் வளர்ந்தது. 1942இல் போர் துரத்திற்று. 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. இவற்றையெல்லாம் எந்த வழிபாடும் தடுத்துவிடவில்லை. ஆகவே, இறைவனை நம்பினால் இழப்பு நேராது எனப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பொய்யைக் கற்பிப்பதாகும். நம்பிக்கை தொழிலுக்குக் காப்புறுதிப் பத்திரமன்று. தொழில் செய்பவருக்கு அது கடிவாளம்.

ஒரே கல்லாவின் தீமை

சிறு வணிகம் எவ்வாறு சரிகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். வீட்டிலிருந்தே இடியப்பம் செய்து விற்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்ளலாம். நாள் விற்பனை 100 வெள்ளி. மாவு, தேங்காய், சர்க்கரைக்கு 55 வெள்ளி. எரிவாயுவுக்கும் பொட்டலத்திற்கும் 15 வெள்ளி. எஞ்சுவது 30 வெள்ளி. ஆனால் மாலையில் மளிகைக்கும் பிள்ளையின் பேருந்துக் கட்டணத்திற்குமாக அவர் அதே டப்பாவிலிருந்து 40 வெள்ளி எடுக்கிறார். நாளொன்றுக்கு 10 வெள்ளி முதலிலிருந்து கரைகிறது. 30 நாளில் 300 வெள்ளி மறைந்துவிடும். விற்பனை குறையவில்லை, வாடிக்கையாளர் குறைகூறவில்லை, உழைப்பில் சோம்பலில்லை. ஆயினும் மூன்றாம் மாதம் மாவு வாங்கக் கடன் வாங்க நேர்கிறது. அவர் கோயிலுக்குச் சென்று, "நான் என்ன பாவம் செய்தேன்?" என்று அழுகிறார். அவர் பாவம் எதுவும் செய்யவில்லை. வீட்டுக்கொன்று, தொழிலுக்கொன்று என இரண்டு டப்பா வைத்திருந்தால் போதும். அதை அவருக்கு எவரும் கற்றுத் தரவில்லை. கற்றுத் தராதவர்களே இங்குக் குற்றவாளிகள்.

இந்நாட்டுச் சில்லறைக் கடைகளில் 555 என்று பெயரிட்ட சிறு குறிப்பேடு ஒருகாலத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். கடனாகக் கொடுத்த அரிசியும் பாலும் அதில் ஏறும். பெரும் படிப்பில்லாதவர்களும் அதில் எழுதினர். கணக்கெழுத நேரமில்லை என்போர் அச்சிற்றேட்டை எண்ணிப் பார்ப்பாராக. நாள்தோறும் விளக்கேற்றுவதற்குக் கிடைக்கும் ஐந்து நிமிடம் நான்கு வரி எழுதுவதற்குக் கிடையாமற் போகுமா?

அடைக்கலப் பொருள்

பெரியபுராணத்தில் அமர்நீதி நாயனார் என்னும் வணிகர் வரலாறு வருகிறது. பழையாறையில் பொன்னும் மணியும் பட்டும் விற்றவர் அவர். அடியவர் ஒருவர் தம் கோவணத்தை அவரிடம் காக்கும்படி கொடுத்துச் சென்றார். திரும்பி வந்து கேட்டபோது அதனைக் காணவில்லை. ஈடாக எடைக்கெடை வேறு கோவணம் தர முனைந்தார் நாயனார். தராசில் ஒரு தட்டில் அடியவர் வைத்திருந்த மற்றொரு கோவணம். எதிர்த்தட்டில் கடைப்பொருள் அனைத்தையும் ஏற்றியும் சமன்படவில்லை. இறுதியில் அவரும் மனைவியும் மகனுமே தட்டில் ஏறினர்.

இதனை அற்புதக் கதையாக மட்டும் கேட்டுவிட்டு எழுந்து செல்வோர் பலர். ஒரு வணிகரின் நம்பிக்கையை இறைவன் சோதித்த கருவி தராசு என்பதும், சோதனைக்குரிய பொருள் பிறர் ஒப்படைத்த அடைக்கலம் என்பதும் அவர்கள் கருத்தில் படுவதில்லை.

இன்றைய சிறு முதலாளியிடமும் அத்தகைய அடைக்கலம் ஒன்று உண்டு. மலேசியச் சட்டப்படி, 60 வயதுக்குட்பட்ட மலேசியத் தொழிலாளரின் ஊதியத்தில் 11 விழுக்காட்டைப் பிடித்து, ஊதியம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதவர்க்குத் தம் பங்காக 13 விழுக்காட்டைச் சேர்த்து, அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் முதலாளி சேமநிதியில் செலுத்தியாக வேண்டும். பிடித்த அப்பணம் முதலாளியுடையதன்று. தொழிலாளி ஒப்படைத்த கோவணம் அது. அதனைக் கடைச் செலவுக்குத் திருப்பிவிட்டு, வெள்ளிதோறும் சிதறுகாய் உடைப்பவரும், தைப்பூசத்தன்று தண்ணீர்ப்பந்தல் அமைத்துப் பெயர்ப்பலகை கட்டுபவரும் யாரை ஏமாற்றுகின்றனர்? தொழிலாளியை ஏமாற்றுவது எளிது. தராசு பிடித்தவனை ஏமாற்ற முடியுமா?

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிவு செய்தல், வரிக்குரிய கணக்குகளை ஏழாண்டுகள் காத்து வைத்தல் ஆகியவற்றையும் அரசின் தொல்லை என்றே பலர் கருதுகின்றனர். மறைகள் முன்பே விதித்த ஒழுங்கைத்தான் சட்டம் காலந்தாழ்த்தி விதித்திருக்கிறது.

இருதரப்பு மறுப்புகள்

நேர்மை பார்த்தால் பிழைக்க முடியாது என்பர் ஒரு சாரார். பெரிய நிறுவனங்களின் விலையோடு சிறுகடை போட்டியிட இயலாது என்பது மெய்யே. ஆனால் அவ்விலைக்குத் தர இயலாத சிறுகடையிடம் எஞ்சியிருக்கும் ஒரே முதல், அண்டை வீட்டாரின் நம்பிக்கை. அதனையும் எடைக்குறைவால் அழித்துவிட்டால் அக்கடைக்கு என்னதான் மிஞ்சும்?

வணிகத்தில் கடவுளை இழுப்பதே தவறு என்பர் மற்றொரு சாரார். வணிகத்தில் கடவுளை விளம்பரமாக இழுப்பது தவறே. சாட்சியாக நிறுத்துவது தவறாகாது. கேட்பார் இல்லாத இரவில், தனியே அமர்ந்து கல்லாவை எண்ணும் ஒருவரைப் பொய்யெழுதாமல் தடுப்பது எது? அதற்கு மனச்சான்று எனப் பெயரிடுவோரும் உளர். இறைவன் என்போரும் உளர். ஏடு செம்மையாக இருக்குமாயின் பெயரைப்பற்றிப் பூசலிட வேண்டுவதில்லை.

பள்ளியின் கடமை

இவ்விடத்தில்தான் தமிழாசிரியர் பொறுப்பு தொடங்குகிறது. தமிழ்ப்பள்ளியில் இலாப நட்டம் கணிதத்திற்குப் போய்விட்டது; நேர்மை நன்னெறிக் கல்விக்குப் போய்விட்டது; குறள் மொழிப்பாடத்திற்குப் போய்விட்டது. மூன்றும் ஒரே கடையில் சந்திப்பவை என்பதை மாணவர் அறியாமலேயே வெளியேறுகின்றனர். இடியப்பக் கணக்கை ஆசிரியர் கரும்பலகையில் எழுதட்டும். நடுவுநிலைமை அதிகாரத்தை அதன் பக்கத்தில் வைத்துக் கற்பிக்கட்டும். பள்ளி விற்பனை நாளில் எலுமிச்சைச் சாறு விற்கும் மாணவர் குழு, விற்ற தொகையை மட்டும் அறிவித்துக் கைத்தட்டல் பெறாமல், சர்க்கரைக்கும் பனிக்கட்டிக்கும் போன தொகையையும் எழுதிக் காட்டட்டும். நட்டம் வந்தால் நட்டமென்றே எழுதப் பழகட்டும். நட்டத்தை மறைக்காமல் எழுதும் கைதான் பின்னாளில் தொழிலாளியின் சேமநிதியையும் மறக்காமல் செலுத்தும்.

மாணவர்களுள் பலர் நாளை கடை வைப்பர், பட்டறை நடத்துவர், வீட்டிலிருந்தே பொருள் விற்பர். அவர்கள் கல்லாவுக்கு மேலே தாம் வணங்கும் திருவுருவை வைக்கட்டும். கல்லாவுக்குள்ளே கணக்கேட்டையும் வைக்கட்டும். மேலே இருப்பவர் கீழே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்னும் நினைவே நம்பிக்கை. அந்நினைவோடு எழுதும் ஒவ்வொரு வரியும் நாணயம்.