டயரின் தேய்மானம் சொல்லும் செய்தி

சிறிய கார் ஒன்றின் டயர் தரையைத் தொட்டு நிற்கும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கையின் அளவே ஆகும். நான்கு உள்ளங்கைகளை நம்பியே ஒரு குடும்பம் பயணம் செய்கிறது. வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வரும் உறவினரை அழைத்துவர, மேலப்பாளையத்திலிருந்தும் ஏர்வாடியிலிருந்தும் பின்னிரவில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் புறப்படும் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. வண்டியைத் துடைக்கிறோம், பெட்ரோல் நிரப்புகிறோம், பிள்ளைகளுக்குத் தின்பண்டம் எடுத்து வைக்கிறோம். ஆனால், டயரைக் குனிந்து பார்ப்பவர் சிலரே.

வீட்டுத் தலைவர் வெளிநாட்டில் இருக்க, வாடகை ஓட்டுநரைக் கொண்டு கார் ஓடும் இல்லங்கள் நம்மிடையே மிகுதி. அத்தகைய இல்லங்களில் வண்டியின் நலத்தை அறியும் பொறுப்பு வீட்டிலுள்ள சகோதரியரையே சாரும். இதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. கண்ணும் கையும் போதும்.

சக்கரம் ஏன் கோணலாகிறது?

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டிய பெருமழையை எவரும் மறந்திருக்க இயலாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது, சாலைகள் பல அரித்துச் செல்லப்பட்டன. இத்தகைய காலங்களில் நீர் மூடிய பள்ளத்தில் சக்கரம் ஒருமுறை பலமாக விழுந்தால் போதும், சக்கரத்தைத் திருப்பும் டை ராடு வளையலாம், ரிம் நெளியலாம். வெள்ள நீரில் மூழ்கிய வண்டியின் சக்கர பேரிங்கினுள் நீர் புகுந்து, சில மாதங்களுக்குப் பின்னர் இரைச்சல் கேட்கலாம். பெருமழை இல்லாத நாள்களிலும் வேகத்தடையில் வேகமாக ஏறி இறங்குவதும், நடைபாதைக் கல்லின் மீது சக்கரத்தை ஏற்றி நிறுத்துவதும் இதே தீங்கை மெல்ல மெல்லச் செய்கின்றன.

சக்கரங்கள் தமக்குரிய கோணத்தில் நிற்பதையே அலைன்மெண்ட் என்கிறோம். முன்சக்கரங்கள் இரண்டும் மேலிருந்து பார்க்கையில் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு ‘டோ’ எனப்படும். முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரத்தின் தலைப்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு ‘கேம்பர்’ எனப்படும். டயரைத் தின்பவற்றுள் முதன்மையானவை இவ்விரண்டுமே.

சிறு பிழை என்ன செய்துவிடும் என்று எண்ண வேண்டாம். 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரு முன்சக்கரங்களின் டோ, இருக்க வேண்டியதைவிட 3 மில்லிமீட்டர் பிசகியிருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பங்கு ஒன்றரை மில்லிமீட்டர். அவ்வாறாயின், ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் ஒவ்வொரு டயரும் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். நெல்லையிலிருந்து திருச்செந்தூர் செல்லும் 60 கிலோமீட்டரில் இது 150 மீட்டராகிறது! அத்தனை தூரமும் டயரை அரம் கொண்டு அராவுவதற்கு ஒப்பாகும் இது.

தேய்மானத்தைப் படிக்கும் முறை

முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைத்தடுப்பை இழுத்துவிடுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பி வைத்தால் முன்சக்கரத்தின் உட்புறம் தெரியும். இதுவே மிக முக்கியம். வெளிப்புறம் புதியது போலிருக்க, உட்புறம் கம்பி தெரியுமளவு தேய்ந்திருக்கும் டயர்கள் உண்டு. சாலையில் திடீரென வெடிக்கும் டயர்களுள் இவையும் அடங்கும்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் காற்று குறைவு. இவ்விரண்டுக்கும் அலைன்மெண்ட் காரணமன்று.

ஓர் ஓரம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் கேம்பரை ஐயுறலாம். சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருந்தால் உள் ஓரமும், வெளியே சாய்ந்திருந்தால் வெளி ஓரமும் தேயும்.

டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையைக் குறுக்காக மெதுவாகத் தடவிப் பாருங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார்த்துக்கொள்வது நலம். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் இரம்பப் பல் போலவும் உணர்ந்தால், அது டோ கோளாற்றின் அடையாளம்.

ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம்; சக்கரத்தின் பேலன்ஸ் தவறியிருக்கலாம். நான்குவழிச் சாலையில் குறிப்பிட்ட வேகத்தை எட்டியதும் ஸ்டீயரிங் அதிர்வதும் பேலன்ஸ் தவறியதைக் காட்டும். பேலன்சிங் வேறு, அலைன்மெண்ட் வேறு. ஒன்று மற்றொன்றுக்கு மருந்தாகாது.

மாஞ்சோலை, காரையாறு போன்ற மலைச்சாலைகளில் அடிக்கடி செல்லும் வண்டிகளின் முன் டயர்கள், கொண்டைஊசி வளைவுகளின் காரணமாக ஓரங்களில் சற்றே கூடுதலாகத் தேய்வது இயல்பு. அதனைக் கோளாறு என்று கொண்டு அஞ்ச வேண்டியதில்லை.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால்

முதலில் நான்கு டயர்களின் காற்றையும், வண்டி ஓடிச் சூடேறுமுன், சரிபாருங்கள். உரிய அளவு ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும். பின்னர் நெரிசலற்ற நேரான சாலையில் பிடியைச் சற்றே தளர்த்திப் பார்க்கலாம். கையை முழுவதும் எடுத்துவிடலாகாது. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடு உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருப்பதால், வண்டி இடப்புறம் சிறிது நகர்வது இயல்பே. அதற்கு மேல் இழுத்தால்தான் கோளாறு.

பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கைப் பார்க்க வேண்டும். எப்போதும் இழுத்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் பார்க்கச் சொல்லலாம். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியுள்ள டயர்களை மட்டும் அவ்வாறு மாற்றலாகாது. மாற்றிய பின் இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. மாறாமலிருந்தால் அலைன்மெண்ட், பிரேக் ஆகியவற்றை ஆராய வேண்டும்.

ஒர்க்ஷாப்பில் கேட்க வேண்டியவை

அலைன்மெண்ட் செய்யுமுன் பால் ஜாயிண்ட், டை ராடு முனை, புஷ் ஆகியவற்றில் ஆட்டம் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவை ஆடிக்கொண்டிருக்க, கோணத்தை மட்டும் திருத்துவது வீண். பணம் கொடுத்த மறுவாரமே பழைய நிலை திரும்பிவிடும்.

கணினி இயந்திரத்தில் செய்தால், முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் அச்சுப்பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சிறிய கார்கள் பலவற்றில் டோ ஒன்றை மட்டுமே திருத்த இயலும். கேம்பர் பிசகியிருந்தால் ஏதோ ஓர் உறுப்பு வளைந்துள்ளது என்பதே பொருள். அதைக் கண்டறியாமல், “எல்லாம் சரி செய்தாயிற்று” என்று கூறினால் ஏற்க வேண்டாம்.

கோளாற்றின் காரணத்தை நீக்காமல் புது டயர் மாட்டுவது விரயம். தேய்ந்த டயரை முன்னிருந்து பின்னுக்கு மாற்றினாலும் அடையாளம் மறையுமே அன்றிக் கோளாறு மறையாது. எனவே மாற்றுமுன், எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் தேய்ந்தது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டயரின் வயது

டயரின் பள்ளங்களுக்குள் சிறு ரப்பர் மேடுகள் உள்ளன. மேற்பரப்பு அவற்றோடு சமமாகிவிட்டால், பள்ளத்தின் ஆழம் சட்டம் கூறும் கீழெல்லையான 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது என்று அறிக. மழைக்கால ஈரச் சாலையில் அந்த டயர் நீரை வெளியேற்ற இயலாமல் வழுக்கும்.

ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் கார்களின் டயர் தேயாவிட்டாலும் முதுமை அடைகிறது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. வெடிப்புகள் தோன்றியிருந்தால், பட்டன் தேயாதிருப்பினும் அது நெடும்பயணத்துக்கு உதவாது.

மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஸ்டெப்னியையும் மறவாதீர்கள். பெருநாளுக்கோ திருமணத்துக்கோ வெளியூர் புறப்படுவதானால், முந்தைய வாரமே பார்த்துவிடுங்கள். புறப்படும் காலையில் கண்டுபிடித்த கோளாற்றை, நேரமில்லை என்று சொல்லி அப்படியே ஓட்டிச் செல்லும்படி நேர்ந்துவிடும்.